முப்பது கிராம்

டுலூத் நகரத்து மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளின் அறைக்குள் ஏரிப் பக்கத்து ஜன்னல் வழியே காலை வெயில் சாய்ந்து விழுகிறது. செவிலி டெனீஸ், குழந்தையின் மேல் ஒட்டியிருக்கும் ஒயர்களை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, அவளை மெதுவாக எடைக்கருவியில் கிடத்துகிறாள். பெற்றவர்கள் ஆர்வோவும் மாரிட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பத்து நாளாக ஏறாத எண் இன்று ஏறியிருக்கிறது. “பாப்பா முப்பது கிராம் கூடியிருக்கா!” என்கிறாள் டெனீஸ். மாரிட் கணவனின் சட்டைக் கையை இறுகப் பற்றுகிறாள். “அப்போ பூமியும் முப்பது கிராம் கூடியிருக்குமா, வாத்தியாரே?” பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் ஆர்வோ தொண்டையைச் செருமிக்கொள்கிறான். “எத்தனை பேர் பிறந்தாலும் பூமி எடை கூடாது. எல்லாம் ஏற்கெனவே இங்க இருந்ததுதான். நீ குடிச்ச தண்ணி, நீ சாப்பிட்ட ஓட்ஸ் கஞ்சி, அதுதான் பாலாகி...” சொல்லிக்கொண்டே மாரிட்டைத் திரும்பிப் பார்க்கிறான். தொண்டையில் இறங்காத கஞ்சியை, குழந்தைக்குப் பால் வேண்டுமே என்று இத்தனை நாளும் அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன். டெனீஸ் குழந்தையைத் தூக்கி மாரிட்டின் மார்பில் சாய்க்கிறாள். மாரிட் மெல்லச் சிரிக்கிறாள். “பூமிக்குத் தெரியலைன்னா போகட்டும்ப்பா. என் கைக்குத் தெரியுது.”