பரம்பரை ராக்

வெள்ளைக்கார டாக்டர் துரை, சந்தானத்தின் மண்டையை அளந்துகொண்டிருந்தார்.

சந்தையில் பூசணிக்காய் வாங்க வந்தவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்புக் கவ்வியை நெற்றியில் வைத்தார், பிடரியில் வைத்தார், ஒவ்வொரு தடவையும் 'ஆ' என்றார். அந்த 'ஆ'வைக் கேட்கும்போதெல்லாம் கதவோரம் நின்ற பாகீரதி புடவைத் தலைப்பை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காளிகாட்டுக்குப் போய்த் திரும்பும்போது, டிராமுக்காக நின்ற அவள் புருஷன் சந்தானத்தை, வழி விடவில்லை என்று ஒரு வெள்ளைக்காரன் பூட்ஸ் காலால் உதைத்துக் கீழே தள்ளினான். மறுபடி காலைத் தூக்கியபோது, கங்காஜலம் நிறைந்த பித்தளைச் சொம்பு அவன் மண்டையில் இறங்கியது. மயக்கம் தெளிந்து அவன் கண் திறந்தபோது சொம்பு சந்தானத்தின் கையில் இருந்தது. 'நான்தான்' என்று சந்தானமும் ஒப்புக்கொண்டுவிட்டான்.

மாஜிஸ்டிரேட் கேட்டது ஒரே கேள்வி. இது ஏதோ ஒரு நிமிஷக் கோபமா, பிறவிக் குணமா? நிமிஷக் கோபமென்றால் அபராதம். பிறவிக் குணமென்றால் ஜெயில். சொல்ல வேண்டியவர் இந்த டாக்டர்.

அவர் பாதி முடிவு கட்டியாயிற்று. புருவ எலும்பு தடித்திருக்கிறதாம். மதராசிகள் தின்னும் மிளகாயும் புளியும் ரத்தத்தைக் கொதிக்க வைக்குமாம். பூட்ஸ் காலன் என்ன தின்றான் என்று யாரும் விசாரிக்கவில்லை. அவன் மண்டையையும் யாரும் அளக்கவில்லை, கட்டுத்தான் போட்டிருந்தார்கள்.

குடும்பத்திலும் இந்தக் குணம் உண்டா என்பதுதான் பாக்கி. வங்காளி குமாஸ்தா பாகீரதி பக்கம் திரும்பினார். கடைத்தெருவில் 'ஆமார், ஆமார்' என்று, அதாவது இந்தக் கூடை என்னுடையது, என்னுடையது என்று சண்டை போடுகிற அளவு வங்காளம்தான் அவளுக்குத் தெரியும். அதனால் அவர் நிறுத்தி நிதானமாகக் கேட்டார். வீட்டில் உன் புருஷனுக்கு ராக் உண்டா?

பாகீரதியின் முகம் மலர்ந்தது. அப்பாடா, ஒரு நல்ல விஷயம் கேட்டார்களே!

உண்டே, தினமும் உண்டு என்றாள் அரைகுறை வங்காளத்தில். விடிந்தும் விடியாததுமாக ஆரம்பித்துவிடுவார். மாமனாருக்கும் உண்டு, அவருடையது தெரு முழுக்கக் கேட்கும். தொட்டில் குழந்தைக்குக்கூட இப்போதே வந்துவிட்டது.

குமாஸ்தா மிரண்டுபோய் மொழிபெயர்த்தார். டாக்டரின் பேனா பறந்தது.

"அடி அசடே! இவா பாஷையில ராக்னா ராகமில்லேடி, கோபம்டி!" கவ்விக்குள்ளிருந்து சந்தானம் அலறினான்.

டாக்டர் அந்த அலறலையும் எழுதிக்கொண்டார்.

பாகீரதி இடிந்துபோனாள். காலையில் பூபாளம் பாடும்போது பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தினால் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்கிற மனுஷன். அவரைத் தன் வாயாலேயே ஜெயிலுக்கு அனுப்பிவிட்டாளே, பாவி!

டாக்டர் அவளைப் பார்த்து இரக்கமாக ஏதோ சொன்னார். குமாஸ்தா அதைச் சின்ன வார்த்தைகளில் சொன்னார். பாவம், இவனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாயோ. உங்கள் பெண்கள் எல்லாம் பசு.

பசுவாம்!

அவளுக்குச் சுரீரென்று ஏறியது. நேரே மேஜைக்கு வந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று சந்தானம் தலையாட்டப் பார்த்தான். கவ்வி விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புடவைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்த வலது கையை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தாள். மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. உடைந்த வளையல் கீறிய காயம் இன்னும் ஆறவில்லை.

"அளக்கறதுன்னா இதை அளங்கோ," என்றாள். "ஆமார் ராக்."