சுவரில் ஒரு கோடு

"என்னங்க இது! வழவழன்னு பூசின சுவர்ல இப்படிக் கோடு கிழிச்சு வச்சிருக்கீங்க?"

மருமகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே? மண் வீடா, ஒரு மழைக்குத் தாங்குமா என்று சொந்தபந்தம் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தபோது, ஒற்றைக் காலில் நின்று கட்டிய வீடு. வைக்கோல் கலந்து மிதித்த மண்ணை ஒரு வரிசை வைத்து, அது காய்கிற வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த வரிசை. பொறுமை போய் உயிர் போய் ஒருவழியாகக் கூரை ஏறி, சுவருக்கெல்லாம் சலித்த மண்ணால் பூச்சும் ஆகிவிட்டது. சமையலறை மட்டும்தான் பாக்கி.

இப்போது பார்த்தால், முன்னறையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு கோடு. விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம். பாத்ரூம் படிக்குச் சற்று முன்னால் அந்தக் கோட்டிலேயே விரல் பதிகிற மாதிரி மூன்று குழி வேறு.

"நான்தான்மா இழுத்தேன், ஈரத்துலயே" என்றாள் மேஸ்திரியம்மா, கையைக் கழுவிக்கொண்டே.

"எதுக்கு?"

"இருக்கட்டும். வீட்டுக்கு நல்லதுதான்."

"நாளைக்கு எங்க அண்ணி வர்றாங்க. என் வீட்டுக்காரரோட அக்கா. எங்கடா குத்தம் கண்டுபிடிக்கலாம்னுதான் வர்றதே. இதைப் பார்த்தா விடுவாங்களா? மூடிடுங்க."

"மூட மாட்டேன்."

"இது யார் வீடு?"

"வீடு உங்களுது. கை என்னுது."

என்ன திமிர்! மருமகளுக்குக் காது சிவந்துவிட்டது.

"அண்ணி தெருவுல ஒருத்தர் மண் வீடு கட்ட ஆள் தேடுறாரு. உங்களைத்தான் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே வாயைத் திறக்க மாட்டேன்."

மேஸ்திரியம்மாவின் முகம் வாடியது. முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், "உங்க இஷ்டம்மா" என்று முடித்துக்கொண்டாள்.

முற்றத்தில் சமையலறைப் பூச்சுக்கான மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார் மாமனார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். 'என் கண்ணு கழுகுக் கண்ணு' என்பது அவர் ஓயாமல் பாடுகிற பாட்டு. கொஞ்ச நாளாகப் பேப்பர் படிப்பதைக்கூட விட்டுவிட்டார். கேட்டால், "அதுல எல்லாம் பொய்யி" என்பார். வீட்டு வேலை தொடங்கியதிலிருந்து ஆட்களோடு ஆளாகச் சேற்றில் இறங்கிவிடுவார். "வயசான காலத்துல ஏன் மாமா இந்தக் கூத்து?" என்று மருமகள் அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

மறுநாள் அண்ணி வந்தாள். மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் நுழைந்தாள். உள்ளே இருந்த குளுமையில் சுளிப்பு தானாகவே விலகியது.

"வாம்மா, நான் சுத்திக் காட்டுறேன்" என்று மாமனார் முன்னால் நடந்தார். ஒரு கை சுவரில். "இதோ, இந்தச் சுவருக்கு மண்ணு மிதிச்சது யாருங்கிறே? உங்கப்பன்!" பேசிக்கொண்டே போனவர், பாத்ரூம் படிக்கு முன்னால் ஒரு கணம் நின்று, காலைச் சரியாகத் தூக்கி வைத்தார்.

"அது இருக்கட்டும்பா, உங்க பேத்தி பரிசு வாங்கின போட்டோவைப் பாருங்க" என்று அண்ணி செல்போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அதற்குள் போன் அணைந்துவிட்டது.

மாமனார் அந்தக் கருப்புத் திரையை உற்றுப் பார்த்தார். "அடடா! என்னமாச் சிரிக்கிறா பாரு!"

மருமகளுக்கு, பேப்பரை ஏன் நிறுத்தினார் என்று இப்போதுதான் உறைத்தது. அவருடைய இன்னொரு கையைப் பார்த்தாள். ஒரு விரல் அந்தக் கோட்டுக்குள் இருந்தது.

சமையலறை வாசலில் கையில் பூச்சு மண்ணோடு நின்ற மேஸ்திரியம்மா, சொல்லிவிடாதே என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள்.

மருமகள் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள். "உங்ககிட்ட மட்டும் சொன்னாரா?"

"அவரு எங்கம்மா சொன்னாரு? மண்ணை எல்லாரும் பார்த்துட்டுத் தொடுவாங்க. அவரு தொட்டுட்டுப் பார்த்தாரு. நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

"ஐயே, இது என்ன கோடு?" அண்ணி கண்டுபிடித்தேவிட்டாள். "அப்பவே சொன்னேனே, மண்ணு வேலைன்னா லட்சணம் இவ்வளவுதான்!"

மாமனாரின் கை சுவரிலிருந்து சட்டென்று இறங்கியது. முகத்தில் அதுவரை இருந்த களையெல்லாம் போய்விட்டது.

கண் டாக்டர் பேச்சை நாளைக்குத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். மருமகள் நிமிர்ந்து நின்றாள்.

"அது டிசைன் அண்ணி! நான்தான் கேட்டுப் போடச் சொன்னேன். ஈரச் சுவர்ல கை நடுங்காம ஒரே இழுப்பு. இவங்களைத் தவிர வேற யாரால முடியும்? உங்க தெருக்காரர்கிட்ட இவங்க பேரைத் தைரியமாச் சொல்லுங்க."

"டிசைன்னா, பாதியிலயே நிக்குது?"

"யார் சொன்னா? மேஸ்திரியம்மா, சமையலறையிலயும் ஈரம் காயறதுக்குள்ள இழுத்துடுங்க. சாப்பிடற இடம் வரைக்கும் வரணும்."

மாமனார் மெல்லக் கையைத் தூக்கி, விரலை மறுபடி கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"அட, ஆமா! ஜோராத்தான் இருக்கு. என் கழுகுக் கண்ணுக்கே இப்பதான் படுது!"