வரைபடத்தைப் பிரிக்காதவர்

விடுமுறைக்குப் பழைய கோட்டை ஒன்றைப் பார்க்க வந்தவர்களை அதன் புதிர்ப்பாதைத் தோட்டம் சுற்றலில் விட்டது. ஆளுயரப் புதர்களுக்கு நடுவே எல்லோரும் வழிதெரியாமல் முட்டிக்கொண்டு நிற்க, அவர்களில் ஒருத்தியின் கணவர் மட்டும் வரைபடத்தைப் பிரிக்காமல் விறுவிறுவென்று நடந்தார்.

"யார்கூட வந்தீங்க இங்க?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"சத்தியமா இப்பத்தான்டி வரேன்!"

அவள் நம்பவில்லை. வழிகாட்டிப் பெண்ணை ஓரங்கட்டி, "தோட்டத்தை எப்பத் திறந்தீங்க?" என்று நைசாகக் கேட்டாள்.

"நூறு வருஷம் பூட்டிக் கிடந்தது. இன்னைக்குக் காலையிலதான் திறந்தோம்."

கணவரை வாசலுக்கு இழுத்து வந்தாள். அவர் அவளை முன்னே போகவிட்டு, இரும்புக் கதவை உள்ளிருந்தே சாத்தித் தாழிட்டார். கம்பிகளுக்கிடையே, விருந்தாளியை வழியனுப்பும் பழைய காவல்காரர் போல, பணிவாகச் சிரித்தார்.

"ரொம்பத் தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. பத்திரமாப் போங்கம்மா."