ஒற்றை ஆள் பாரம்

மழை விட்ட காலையில் சேவியர் புல் ஓடுபாதையை நடந்து பார்த்தார். குதிகாலை அழுத்திய இடத்திலெல்லாம் தண்ணீர் ஊறியது. இந்த மாதிரித் தரையில் சிறு விமானம் எழும்ப வேண்டுமென்றால் பாரம் குறைய வேண்டும். பாதி வழியில் நட்டிருக்கும் வெள்ளைக் கொடிக்குள் வேகம் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடவும் வேண்டும். போன ஐப்பசியில் அவர் இரண்டையும் செய்யவில்லை. பக்கத்தில் ஆசையாக ஏறி உட்கார்ந்திருந்த மனைவி செலினை இறங்கச் சொல்ல வாய் வரவில்லை. ஓடுபாதையின் முடிவில் நின்ற பனைகளில் விமானம் மோதியபோது பிழைத்தவர் அவர் மட்டும்தான்.

இன்று வேறு விமானம். தனியாகத்தான் ஏறினார். கொட்டகையிலிருந்து ஓடுபாதையின் முனைக்கு ஓட்டி வந்து நிறுத்தியதும், காவலாள் திரவியம் சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

“சார், கூட யாரு வர்றா? ஒத்த ஆளு பாரத்துக்குச் சக்கரம் இவ்வளவு அமுங்காதே!”

சேவியர் காலியாக இருந்த பக்கத்து இருக்கையைத் தாண்டிக் கை நீட்டி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“தரை ஈரமா இருக்கும்மா, செலின். நீ எறங்கிக்கோ.”

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய சொல்.

விமானம் ஒரு பக்கமாக விரற்கடை உயர்ந்து, லேசாக ஆடி நின்றது. கதவுக்குக் கீழே புல் அமுங்கிக் குதிகாலளவு குழி விழுந்தது. அதில் தண்ணீர் ஊறியது. அதற்கப்பால் எந்தத் தடமும் இல்லை.

இனித் தாராளமாக எழும்பலாம். திரவியம் தூரத்தில் போய் நின்று கையசைத்தார். திறந்த கதவை இழுத்துச் சாத்தத்தான் சேவியருக்குக் கை வரவில்லை.