அண்ணாச்சியின் கை

கடை, சரக்கு, கடைப்பெயர் எல்லாவற்றையும் மகள் செண்பகவல்லிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்திர ஆபீசிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார் நகைக்கடை குற்றாலிங்கம் அண்ணாச்சி. கூடவே மனைவியும் ஆடிட்டரும்.

"அப்பா மகளுக்குக் கொடுத்ததுக்கு வருமான வரி ஒரு பைசா கிடையாது" என்று ஆடிட்டர் காபியை உறிஞ்சினார்.

"அப்பாவோட கைராசியை விட்டுட்டீங்களே சார். கடை ஓடுறதே அதுலதான்" என்றாள் செண்பகம்.

ஆடிட்டர் யோசித்தார். "அதுக்குப் பத்திரமும் இல்லை, வரியும் இல்லைம்மா."

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீட்டார், செய்யச் சொல்லியிருந்த தாலியை வாங்க வந்தார்கள். செண்பகம் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா கையைக் கட்டிக்கொண்டே நின்றாள்.

"தப்பா நெனக்காத தாயி. அண்ணாச்சி கையால குடுக்கச் சொல்லு."

செண்பகத்தின் முகம் வாடியது.

அண்ணாச்சி எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில் நின்று, மகளிடம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"முதலாளியம்மா, ஒரு ஜோடி மெட்டி குடுங்க."

"யாருக்கு?" மூலையிலிருந்த மனைவி சட்டென்று எழுந்தாள்.

"உனக்குத்தான். காலைக் காட்டு."

கடையே சிரித்தது. செண்பகம் மட்டும் சிரிக்காமல், வெற்றிலையில் மெட்டியை வைத்து அப்பா கையில் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினார்.

பின்னால், செண்பகத்தை நோக்கி முந்தானையை விரித்துப் பிடித்தபடி, மாப்பிள்ளையின் அம்மா வரிசையில் நின்றிருந்தாள்.