ஓடுற வண்டிக்கு எதுக்கு ஃபேன்?

"தானா கழண்டதில்ல தங்கச்சி. யாரோ பிடுங்கியிருக்காங்க."

வேனின் முன்பக்கம் குனிந்தபடியே சொன்னார் மெக்கானிக். ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் கரண்ட் பிளக் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"எலி கிலி இழுத்திருக்குமோ அண்ணே?"

"எலின்னா கடிச்சுக் குதறியிருக்கும். இப்படிப் பதமா கழட்டி ஓரமா வெச்சிட்டுப் போகாது."

அவளுக்குச் சுருக்கென்றது.

இந்த மாதம் முழுக்க இதே ரோதனைதான். காலை டிரிப்பில் சமர்த்தாக ஓடும் வேன், சில நாள் மதிய டிரிப்பில் சிக்னலில் நின்றால் புகை கக்கும். ஃபியூஸ் பார்த்தாயிற்று. ரிலே மாற்றியாயிற்று. சென்சாரும் புதுசு. மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தால் ஃபேன் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஜோராகச் சுற்றும்.

இன்றைக்கு வேன் கொதித்து நின்றதே ஒர்க்‌ஷாப்புக்கு எதிரில்தான். அதனால் குட்டு உடைந்தது.

"கிரில் வேற உடைஞ்சு கிடக்கு, யார் வேணா கையை விடலாம். வீட்ல உன் மேல யாருக்காவது கடுப்பா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் மெக்கானிக்.

அவளும் சிரித்து மழுப்பினாள். ஆனால் மனசுக்குள் மாமியாரின் முகம் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

லாண்டரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் துவைத்த விரிப்புகளைக் கொண்டுபோகும் வேலை அவளுக்கு. "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற வண்டி பார்த்துக்குவோம்மா" என்று மேனேஜர் சற்றுமுன்தான் போனில் சொல்லியிருந்தார்.

"கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு வேன் ஓட்டணும்னு என்ன தலையெழுத்து?" என்று முதல் நாளே முணுமுணுத்தவர் மாமியார். ரேடியேட்டரில் தண்ணீர் மாற்ற மெக்கானிக் வீட்டுக்கு வந்தபோது, "ஏம்ப்பா, இந்த ஃபேனை எப்படி நிறுத்தறது?" என்று விசாரித்ததும் அவர்தான்.

வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. கேட்டால் இல்லையென்று சாதித்துவிடுவார். கண்ணால் பார்த்துவிட்டே பேசுவோம்.

மறுநாள் காலை டிரிப் முடித்து, வழக்கம்போல் வேனைப் படுக்கையறை ஜன்னலை ஒட்டி நிறுத்தினாள். குழந்தை பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எஞ்சினை அணைத்த பிறகும் சூடு தணிகிறவரை ஃபேன் 'விர்ர்'ரென்று ஓடியது. நின்றது. மறுபடி கிளம்பியது.

செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். மாமியார் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பூனை மாதிரி வந்து, கிரில் ஓட்டைக்குள் கையை விட்டார்.

ஃபேன் கப்சிப்.

"அத்தை!"

அவள் வெளியே ஓடி வருவதற்குள் மாமியார் கையை வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டார்.

"என் வேலைக்கு உலை வைக்கத்தான் இப்படிப் பண்றீங்களா? பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே!"

"என்னம்மா சொல்ற? உன் வேலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஃபேன் இல்லைன்னா எஞ்சின் கொதிக்கும் அத்தை!"

"ஓடும்போதுதான் காத்து அது மூஞ்சியிலயே அறையுதே, ஓடுற வண்டிக்கு எதுக்கு ஃபேன்? நிக்கும்போது சும்மா கத்துற சனியன்னுல்ல நினைச்சேன்! நீ கிளம்பறதுக்குள்ள சொருகிடுவேன். சில நாள் புள்ள இடுப்பை விட்டு இறங்காது, மறந்துடும். அப்புறம் நீ வந்ததும் சொருகிடுவேன்."

"சிக்னல்ல நின்னா காத்துக்கு எங்க போறது?"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ, அப்ப நீ ரோட்ல நின்னதெல்லாம் என்னாலயா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுடைய கோபத்தில் பாதி இறங்கிவிட்டது.

"சரி, எதுக்குத்தான் பிடுங்கினீங்க?"

"கண்ணு சொருகற நேரத்துல அது விர்ருனு கிளம்புதே. தூக்கம் போயிடுதுல்ல?"

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது.

"பகல்ல தூங்கிட்டான்னா இடியே விழுந்தாலும் உங்க பேரன் அசைய மாட்டான் அத்தை. அவன் ஆட்டமெல்லாம் ராத்திரிதான்."

"அவனுக்காகன்னு யாரு சொன்னா?" பிளக்கைத் தடவித் தடவிச் சொருகிக்கொண்டே சொன்னார் மாமியார். "அவன் முழிச்சா நான் தூக்கி வெச்சுக்குவேன். ராத்திரி பூரா அவனோட முழிச்சுக் கிடந்துட்டு வண்டி ஓட்டற நீ முழிச்சுட்டா, உன்னை நான் எப்படித் திரும்பத் தூங்க வைக்கிறது?"