தொப்பிக்காரனின் கை

தொப்பியைச் சரித்து வைத்திருந்த வெள்ளைக்காரன், சவரக்கடை நாற்காலியில் சாய்ந்திருந்தவனை நெஞ்சில் சுட்டான்.

செத்தவனை இழுத்துக் கீழே தள்ளிவிட்டு, அதே நாற்காலியில் தான் உட்கார்ந்தான். தாடையைத் தடவிக் காட்டி, தனக்கும் சவரம் செய்யச் சொன்னான்.

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பயந்தார்கள், பயந்துகொண்டே சிரித்தார்கள்.

ஊமைப்படம். திரைத்துணியோரம் நின்று கதை சொல்லும் வீரமுத்து தொண்டையைச் செருமினார். "இவன் கொலை பண்ணுவான். ஆனா சட்டையில ஒரு சொட்டு பட விடமாட்டான்."

"மாப்பிள்ளை கணக்கா உடுத்திக்கிட்டுல்ல கொல்ல வர்றான்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

சந்திரமதி சிரிக்கவில்லை. அவள் தொப்பிக்காரனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கி இடது கையில் இருந்தது. சுருட்டும் இடது கையில். தான் கொன்றவனின் சவப்பெட்டிமேல் தானே கொண்டுபோய்ப் பூச்செண்டு வைத்தான். அதுவும் இடது கையால். துரத்தி வந்த போலீஸ்காரன் இடது கையால் சுட்டான். மினுமினுக்கும் கவுன் போட்ட பெண் இடது கையால் மதுக்கிண்ணத்தை நீட்டினாள். அவன் முகம் சுளிக்காமல் வாங்கிக் குடித்தான்.

ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் திடலில் இப்படி ஒரு தேசம் வந்து இறங்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சந்திரமதி இடதுகைக்காரி. சின்ன வயதில் கையைத் துணியால் கட்டிப் போட்டும் மாறவில்லை. முன்பு பெக்கோக் ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், அவள் இடது கையால் வெற்றிலைத் தட்டை நீட்டியதும் தொடாமலே எழுந்து போய்விட்டார்கள்.

இன்று மறுபடியும் பெண் பார்க்கிறார்கள். இந்த முறை படம் பார்க்கும் சாக்கில். ரெங்கம் ரயில் ஸ்டேஷனில் விளக்கு ஏற்றும் தங்கராஜு, தன் அம்மா வெள்ளையம்மாவோடு வந்திருந்தான். ஆண்களுக்கு அந்தப் பக்கம், பெண்களுக்கு இந்தப் பக்கம் என்பதால் வெள்ளையம்மா இவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

திடலில் நுழைந்தபோது அம்மாவின் கால் சேற்றில் படாமலிருக்க அவன் பலகை தேடிப் போட்டதைச் சந்திரமதி பார்த்திருந்தாள். இவன் எழுந்து போய்விடக் கூடாதே என்று இருந்தது அவளுக்கு.

"கைய முந்தானைக்குள்ளயே வச்சுக்க," என்று அம்மா கிருஷ்ணம்மா வரும் வழியெல்லாம் சொல்லியிருந்தாள்.

சுருள் மாற்றப் படத்தை நிறுத்தினார்கள். விளக்கு எரிந்தது. தங்கராஜு இந்தப் பக்கம் வந்தான். கிருஷ்ணம்மா ஒரு குவளை தேநீரை வாங்கி மகளிடம் கொடுத்து, கண்ணால் ஜாடை காட்டினாள்.

சந்திரமதியின் மனம் இன்னும் அந்தச் சவரக்கடையிலேயே இருந்தது. குவளையை நீட்டினாள்.

இடது கை.

வெள்ளையம்மாவின் புருவம் ஏறியது.

கிருஷ்ணம்மா முந்திக்கொண்டாள். "படத்துல பாத்தீங்கல்ல சம்பந்தி? போலீசு, பொம்பளைங்க, எல்லாருக்கும் இடது கைதான். சீமையிலயே அப்படித்தான் போல."

"சம்பந்தின்னு இப்பவே கூப்பிடாதீங்க." சொன்னாளே தவிர, வெள்ளையம்மா யோசித்தாள். அவளும் கண்ணால் பார்த்தவள்தானே. "நம்ம துரை கைய எங்க பாத்தோம், வண்டிய விட்டு எறங்குனாத்தானே. ஏன்டா, நீ பாத்தியா? நெசமா?"

தங்கராஜு சந்திரமதியைப் பார்த்தான். அவள் குவளையை வலது கைக்கு மாற்றப் போனாள்.

"ஆமாம்மா. எல்லாருக்கும் இடது கைதான்."

சொல்லிவிட்டுக் குவளையை வாங்கிக் குடித்தான்.

விளக்கு அணைந்தது. அவன் காலிக் குவளையை அவளிடம் நீட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். பெண்கள் பாய்க்கு ஓடினார்கள். தேநீர்க்காரர் ஆண்கள் பக்கம் போய்விட்டதால், குவளையைக் கொடுக்கச் சந்திரமதி அங்கே போக வேண்டியிருந்தது.

கொடுத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

தொப்பிக்காரன் வலது கையால் சுட்டுக்கொண்டிருந்தான்.

போலீஸ்காரனும் வலது கையால் சுட்டான். கவுன்காரி வலது கையால் கண்ணைத் துடைத்தாள்.

திடலின் நடுவே கட்டியிருந்தது ஒரே ஒரு நனைத்த வெள்ளைத் துணி. படக்கருவி இருந்தது ஆண்கள் பக்கம். பெண்கள் பக்கம் தெரிந்ததெல்லாம் துணியின் முதுகு, இடம் வலம் மாறிய படம்.

முதல் பெஞ்சில் தங்கராஜு உட்கார்ந்திருந்தான். தொடக்கத்திலிருந்து அங்கிருந்துதான் பார்த்திருக்கிறான்.

சந்திரமதி மெல்ல நடந்து பாய்க்குத் திரும்பினாள்.

"எங்கடி போன? அந்தப் பாவியச் சுத்தி வளைச்சிட்டானுங்க. வா, இப்படி உக்காரு," என்று வெள்ளையம்மா நகர்ந்து இடம் விட்டாள். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மடியிலிருந்து வேர்க்கடலையை அள்ளினாள்.

சந்திரமதி முந்தானையை விலக்கி, இடது கையை நீட்டினாள்.

வெள்ளையம்மா அதில் கடலையைக் கொட்டினாள்.